எவரும் தனியர் அல்லர்: ஒரு மூளை அறுவை மருத்துவரின் தன்வரலாறு

அறிவியலறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. எளிய குடும்பத்தில் பிறப்பு, இளமையிலேயே அறிவுக்கூர்மை, இடையில் சில இடர்கள், இறுதியில் ஒரு பெருங்கண்டுபிடிப்பு, அதனால் வந்த பரிசும் புகழும். தாம் என்ன ஆகப்போகிறோம் என்பதைத் தொட்டிலிலேயே தெரிந்துகொண்டவர்கள் போல அவர்கள் நமக்குத் தோன்றுகிறார்கள். இவற்றைப் படிக்கும் மாணவனுக்கு வியப்பு உண்டாகிறது, வழி புலப்படுவதில்லை. ஓர் ஆய்வாளர் யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டுகள் கற்றார், தெரியாததைத் தெரிந்துகொள்ள என்ன செய்தார் என்ற செய்திகளே அவனுக்குப் பயன்படுபவை. அவைதாம் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

அக்குறையைப் பெருமளவு நீக்கும் நூல் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். கனடா நாட்டின் புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்பீல்டு ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு அது. பெயர் 'நோ மேன் அலோன்'. 'எவரும் தனியர் அல்லர்' என்று தமிழில் கூறலாம். பென்பீல்டு 1976 ஏப்ரலில் தம் 85-ஆம் வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இதனை எழுதி முடித்தார். நூல் 1977-ஆம் ஆண்டு வெளிவந்தது.

பென்பீல்டு என்றதும் பலருக்கு ஒரு படம் நினைவுக்கு வரலாம். பெரிய உதடுகளும் மிகப் பெரிய கைகளும் சிறிய உடலும் கொண்ட விந்தையான மனித உருவம் மூளைப் பரப்பின்மேல் படுத்திருக்கும் படம். விழித்திருக்கும் நோயாளியின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு, எந்தப் பகுதி கையை அசைக்கிறது, எந்தப் பகுதி நாவை அசைக்கிறது என்று அவரும் அவருடைய துணைவர்களும் கண்ட முடிவுகளின் சுருக்கம் அது. அந்த ஆய்வுக் கட்டுரை 1937-இல் வெளியாயிற்று. இந்நூலோ 1934-இல் மான்ட்ரியல் நரம்பியல் நிலையம் திறக்கப்படும் காலத்தை எல்லையாகக் கொண்டது. ஆகவே புகழின் வரலாற்றைத் தேடி இதைத் திறப்பவர் ஏமாறுவார். புகழுக்கு முந்திய நீண்ட ஆண்டுகளின் வரலாறுதான் இதில் உள்ளது. நூலின் மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே கூறிவிடுகிறேன். 'எவரும் தனியர் அல்லர்' என்ற கருத்தை ஆசிரியர் முயன்று சொல்லும் இடங்கள் சற்றுச் சம்பிரதாயமாக இருக்கின்றன. செய்த வேலையை விளக்கும் இடங்களிலோ அதே கருத்து மறுக்க முடியாதபடி நிலைநாட்டப்படுகிறது. நூலின் நிறையும் குறையும் இந்த வேறுபாட்டில் அடங்கியுள்ளன.

தாய்க்கு எழுதிய மடல்கள்

நூலுக்கு அடிப்படையான சான்று, பென்பீல்டு தம் தாய்க்குப் பல ஆண்டுகள் ஏறத்தாழ வாரந்தோறும் எழுதிய மடல்கள். தாயார் அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தார். முதுமையில் நினைவை மட்டும் நம்பி எழுதப்படும் தன்வரலாறுகளுக்கு இல்லாத உறுதி இதனால் கிடைக்கிறது. நாள் தவறவில்லை, இடம் தவறவில்லை, அன்று இருந்த ஆவலும் அன்றைய நடையிலேயே பதிவாகியிருக்கிறது. தாயார் தொடங்கி நிறைவேறாமல் விட்ட கதை ஒன்றை எடுத்து, 1954-இல் புதினமாக எழுதி வெளியிட்டவர் பென்பீல்டு. கதை சொல்லத் தெரிந்த அந்தக் கை இந்நூலிலும் தெரிகிறது.

எனினும் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் சுழிப்பிழையைப் பார்க்கச் சொல்வோம். பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் சுழிப்பிழை நீங்காது. எல்லா அளவீடுகளையும் அது ஒரே பக்கமாகத் தள்ளும். மடல்களும் ஓர் அளவுகருவியே. தொலைவில் இருக்கும் தாய்க்கு மகன் எழுதும் மடலில் வெற்றி சற்றுப் பெரிதாகவும், அச்சம் சற்றுச் சிறிதாகவும் பதிவாவது இயல்பு. நூறு மடல்கள் இருந்தாலும் அவை அத்தனையும் ஒரே திசையில் சாயும். இதனை நெஞ்சில் வைத்துக்கொண்டு நூலைப் படிக்க வேண்டும்.

37 வயது வரை மாணவர்

பென்பீல்டு 1891-இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர், ஆனால் தொழில் நொடித்துப்போயிற்று. தாய் குழந்தைகளுடன் விஸ்கான்சின் மாநிலத்தின் ஹட்சன் என்ற சிற்றூருக்குச் சென்றார். மகனுக்கு 13 வயதானபோது, ஆக்ஸ்போர்டில் பயில உதவும் ரோட்ஸ் உதவித்தொகையைப் பற்றித் தாய் அறிந்தார். அன்றே அது குடும்பத்தின் இலக்காயிற்று. மாநில வாரியாக வழங்கப்படும் அந்த உதவித்தொகைக்குச் சிறிய மாநிலமான நியூ ஜெர்சியில் போட்டி குறைவு என்பதும் அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். மேதைமை மட்டுமன்று, கணக்கும் வாழ்க்கையை நடத்துகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. இந்த நேர்மை பாராட்டத் தக்கது.

1915-இல் ஆக்ஸ்போர்டு சேர்ந்தார். அங்கு இரு ஆசிரியர்கள் வாய்த்தார்கள். ஒருவர் நரம்பு மண்டலத்தின் அனிச்சைச் செயல்களை ஆராய்ந்த சார்லஸ் செரிங்டன். பின்னர் 1932-இல் நோபெல் பரிசு பெற்றவர். மற்றவர் மருத்துவப் பேராசான் வில்லியம் ஆஸ்லர். 1916 மார்ச்சில் பிரான்சிலுள்ள போர்க்கால மருத்துவமனை ஒன்றில் பணி செய்யப் புறப்பட்ட பென்பீல்டு, வழியில் 'சசெக்ஸ்' என்ற கப்பல் செருமானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டுக் காயமுற்றார். அவர் உடல் தேறியது ஆஸ்லரின் இல்லத்தில்.

அதன் பிறகு அவர் சென்ற இடங்களைப் பாருங்கள். 1918-இல் ஜான்ஸ் ஹாப்கின்சில் மருத்துவப் பட்டம். பாஸ்டனில் ஹார்வி குஷிங் பணியாற்றிய மருத்துவமனையில் அறுவைப் பயிற்சி. மீண்டும் ஆக்ஸ்போர்டில் செரிங்டனிடம் ஆய்வு. இலண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் நரம்பியல். 1921-இல் நியூயார்க் பிரெஸ்பிட்டீரியன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பணி. 1924-இல் மாட்ரிட். 1928-இல் பிரெஸ்லாவ். அவ்வாண்டே மான்ட்ரியல். அப்போது அவருக்கு வயது 37. அறுவை மருத்துவராகப் பணியில் அமர்ந்த பிறகும் இருமுறை கத்தியைக் கீழே வைத்துவிட்டு அயல்நாட்டு ஆசிரியரிடம் மாணவராகப் போய் நின்றார். அந்த இரு பயணங்களே, என் கருத்தில், இந்நூலின் உயிர்ப்பகுதி.

மாட்ரிடில் ஆறு மாதங்கள்

நியூயார்க்கில் பென்பீல்டை வாட்டிய கேள்வி இது: மூளையில் ஏற்படும் காயம் எவ்வாறு ஆறுகிறது? அறுவை மருத்துவர் தம் கத்தியால் ஏற்படுத்தும் காயமும் ஒரு காயந்தானே! அது வடுவாகிப் பிற்காலத்தில் வலிப்பை உண்டாக்கக்கூடும். இதை அறிய, காயம்பட்ட மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆனால் சாயம் ஏற்றாத திசுவில் எதுவும் தெளிவாகத் தெரியாது. வழக்கமான சாயங்களில் நரம்புச் செல்கள் தெரிந்தன. அவற்றைச் சூழ்ந்துள்ள கிளியா செல்களில் பல வகைகள் சரியாகத் தெரியவில்லை. காயம் ஆறுவதிலோ கிளியாவுக்கே பெரும்பங்கு.

இச்சிக்கலுக்கு விடை மாட்ரிடில் இருந்தது. பியோ தெல் ரியோ ஓர்தேகா என்ற ஆய்வாளர் வெள்ளிக் கார்பனேட்டைப் பயன்படுத்தும் ஒரு புதிய முறையை வகுத்திருந்தார். திசுவில் படியும் வெள்ளிச் சேர்மம் ஒடுக்கமடைந்து உலோக வெள்ளியாகிறது. புகைப்படச் சுருளில் ஒளி பட்ட இடம் கறுப்பாவதும் இவ்வாறு வெள்ளித் துகள்கள் படிவதால்தான். அங்கு ஒளி செய்யும் வேலையின் தொடக்கத்தை இங்குத் திசுவின் வேதி இயல்பு செய்கிறது. தக்க செறிவும், தக்க வெப்பநிலையும், தக்க நேரமும் அமைந்தால் குறிப்பிட்ட வகைச் செல் மட்டும் தன் நுண்கிளைகளுடன் கறுத்துத் தோன்றும். சற்றுத் தவறினாலும் எல்லாம் கரிப்படலமாகிவிடும்.

இம்முறையால் ஓர்தேகா 1919-இல் மைக்ரோகிளியா என்ற செல் வகையையும், 1921-இல் ஒலிகோடென்ட்ரோகிளியா என்ற வகையையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். முன்னது மூளையின் துப்புரவுப் பணியாளர். பின்னது நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் காப்புறையைச் சுற்றுவது என்று இன்று நாம் அறிவோம். ஸ்பெயினின் மாபெரும் அறிஞர் கஹாலின் ஆய்வுக்கூடத்திலிருந்து 1920-இல் ஓர்தேகா வெளியேற நேர்ந்தது; தனியாக ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்தார். அவர் எழுதியவை ஸ்பானிய மொழியில் இருந்தன. ஆங்கிலம் படிக்கும் மருத்துவ உலகில் அவற்றைக் கருத்தூன்றிப் படித்தவர் சிலரே.

பென்பீல்டு என்ன செய்தார்? ஸ்பானியக் கட்டுரைகளின் சுருக்கத்தைப் பெற்றுக்கொண்டு நின்றுவிடவில்லை. 33 வயதில், குடும்பப் பொறுப்புடன், மொழியில் புலமையின்றி, மாட்ரிட் சென்று ஏறத்தாழ ஆறு மாதங்கள் அந்தச் சிறு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி வில்லைகளைத் தயாரித்தார். இத்தகைய கைத்திறன் அச்சில் வருவதில்லை என்பது ஆய்வுக்கூடத்தில் நின்றவர் எவருக்கும் தெரியும். செய்முறைக் குறிப்பேட்டில் எல்லாம் எழுதியிருக்கும். ஆனால் பக்கத்தில் நின்று ஒருவர் காட்டினாலன்றிச் சோதனை அமைவதில்லை. ஓர்தேகாவின் கண்டுபிடிப்பை உறுதிசெய்து ஒலிகோடென்ட்ரோகிளியாவைப் பற்றி 1924-இல் ஆங்கிலத்தில் கட்டுரை வெளியிட்டார் பென்பீல்டு. பின்னர் 1932-இல் நரம்பு மண்டலச் செல்களைப் பற்றி மூன்று தொகுதிகளாகப் பெருநூல் ஒன்றைத் தொகுத்தபோது, மைக்ரோகிளியா பற்றிய இயலை ஓர்தேகாவையே எழுதச் செய்தார். ஆசிரியருக்கு மாணவர் செய்த கைம்மாறு அது.

பிரெஸ்லாவின் வடுக்கள்

கருவி கிடைத்துவிட்டது, அதைப் பயன்படுத்தத் தக்க பொருள் வேண்டும். அது அப்போது செருமனியிலிருந்த பிரெஸ்லாவில் கிடைத்தது. இன்று போலந்தின் விராட்ஸ்வாவ் அந்நகரம். அங்கு ஓட்பிரிட் பெர்ஸ்டர் என்ற நரம்பியலறிஞர், முதல் உலகப் போரில் தலையில் காயமுற்று ஆண்டுகள் கழித்து வலிப்புக்கு ஆளானவர்களுக்கு அறுவை செய்துவந்தார். தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையோட்டைத் திறப்பார். மூளைத் திசுவுக்கு வலி உணர்வு இல்லை. மின்னோட்டத்தால் தொட்டுப் பார்த்து, வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டு, வடுவை வெட்டி எடுப்பார். வெட்டி எடுத்த வடுக்களை மாட்ரிடில் கற்ற முறைகளால் ஆராய்ந்தவர் பென்பீல்டு. இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1930-இல் வெளியாயிற்று.

இவ்விடத்தில் இயற்பியல் பயில்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ் கதிர்ப் படத்தில் மண்டை எலும்பு நன்கு தெரியும். ஆனால் மூளைத் திசுவும் மூளை அறைகளிலுள்ள நீர்மமும் கதிரை ஏறத்தாழ ஒரே அளவில் உட்கவர்வதால் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. 1918-இல் வால்ட்டர் டாண்டி என்பவர் அந்த நீர்மத்தை எடுத்துவிட்டு அங்குக் காற்றைச் செலுத்தினார். காற்று கதிரை மிகக் குறைவாகவே தடுக்கிறது. எனவே அறைகளின் வடிவம் படத்தில் தெரிந்தது. வடு உள்ள மூளையில் அந்த அறை வடுவின் பக்கமாக இழுபட்டிருப்பதைக் காண முடிந்தது. ஆறும் தசைக்காயம் சுருங்குவதுபோல மூளையின் வடுவும் சுருங்கிச் சுற்றுப்புறத்தை இழுக்கிறது என்று பென்பீல்டு கருதினார். வலிப்புக்கு இந்த இழுவிசை மட்டும் காரணமன்று, வடுவைச் சூழ்ந்த நரம்புச் செல்களின் மின் இயல்பு மாறுவதே முதன்மையானது என்பது இன்றைய அறிவு. ஆயினும் நிழற்படம், நுண்ணோக்கி, அறுவை மேசை மூன்றையும் ஒரே கேள்விக்கு விடைகாணப் பொருத்திய முறை இன்றும் பழுதற்றது.

தமக்கையின் மூளை

மான்ட்ரியல் வந்த சில மாதங்களில், 1928 டிசம்பரில், பென்பீல்டு தம் சொந்தத் தமக்கை ரூத்துக்கு மூளை அறுவை செய்தார். ரூத் ஆறு குழந்தைகளின் தாய். வலது முன்மடலில் பெரிய கட்டி. அந்த மடலின் பெரும்பகுதியைக் கட்டியுடன் அகற்றினார். ஆனால் எட்டாத இடத்தில் ஒரு பகுதி தங்கிவிட்டது. வாசகர் இங்குச் சற்று நிற்க வேண்டும். அது ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்ற வகைக் கட்டி. நான்கு ஆண்டுகளுக்கு முன் மாட்ரிடில் எந்தச் செல்லைக் காணக் கற்றாரோ, அச்செல்லின் பெயரைத் தாங்கிய கட்டி! பெயர் சொல்ல முடிந்தது, தடுக்க முடியவில்லை. கட்டி மீண்டும் வளர்ந்து, 1931-இல் ரூத் இறந்தார். மூளை ஆய்வுக்கென ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம் அவருள் உறுதிப்பட இது ஒரு காரணமாயிற்று.

உடன்பிறந்தாளின் தலையில் ஒருவர் கத்தி வைக்கலாமா என்ற கேள்வியை இன்றைய மருத்துவ ஒழுங்குமுறை எளிதில் அனுமதிக்காது. அக்காலத்தில் மான்ட்ரியலில் இத்தகைய அறுவையில் அவரைவிடப் பழகிய கை வேறு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. நான் குறை காண்பது அந்த முடிவில் அன்று. நூல் நமக்கு அறுவை செய்தவரின் நெஞ்சைக் காட்டுகிறது; அறுவைக்கு ஆட்பட்டவரின் நெஞ்சை அதே அளவில் காட்ட அதனால் இயலவில்லை.

இதற்கு மாறாக, 1935-இல் பென்பீல்டும் ஜோசப் எவன்சும் எழுதிய ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். மருத்துவ இதழின் வறண்ட நடையில் அமைந்த அதில் ரூத்தைப் பற்றிய ஒரு குறிப்பு உண்டு. அறுவைக்கு ஓராண்டுக்குப் பின்னர், விருந்தினர் ஒருவருக்கும் குடும்பத்தினர் நால்வருக்கும் அவர் உணவு சமைக்க முனைந்தார். ஆர்வம் இருந்தது, ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே செய்யத் தெரிந்தது. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று ஒழுங்குபடுத்த முடியாமல் அடுப்படியில் திகைத்து நின்றார். அறிவோ நினைவோ பெரிதும் குன்றாமல், திட்டமிடும் ஆற்றல் மட்டும் குன்றக்கூடும் என்பதை அறிவியல் அறிந்துகொண்ட தொடக்கக் குறிப்புகளில் இதுவும் ஒன்று. அதனைக் கொடுத்தவர் ஓர் இல்லத்தரசி, தம் சமையலறையிலிருந்து. 'எவரும் தனியர் அல்லர்' என்னும் தலைப்புக்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை.

சில குறைகள்

தலைப்பு கூறும் கருத்து நூலின் அமைப்பில் முழுமை பெறவில்லை. வில்லியம் கோன் என்ற அறுவை மருத்துவர் நியூயார்க்கிலிருந்து பென்பீல்டுடன் மான்ட்ரியல் வந்து, பல ஆண்டுகள் தோளோடு தோள் நின்றவர். 1959-இல் மறைந்த அவர் தம் வரலாற்றை எழுதவில்லை. ஆகவே கோனை நாம் பென்பீல்டின் கண்ணால் மட்டுமே பார்க்கிறோம். துணைவி ஹெலனின் நிலையும் இதுவே. நாடு விட்டு நாடு மாறிய அத்தனை ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். ஆனால் மடல்கள் அவருடையவை அல்ல. நன்றி கூறுவது வேறு. பேச இடம் கொடுப்பது வேறு. பேரர் ஜெபர்சன் லூயிஸ் 1981-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றையும் உடன் வைத்துப் படிப்பது, முன்னர்க் கூறிய சுழிப்பிழையைத் திருத்த உதவும்.

இரண்டாவது குறை, பின்னாளில் திரும்பிப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் திட்டமிட்ட பாதை போலத் தெரிவது. மாட்ரிடும் பிரெஸ்லாவும் மான்ட்ரியலுக்கு இட்டுச்செல்லும் படிகள் என்று 1924-இல் எவருக்குத் தெரியும்? பாதை தெரியாமல் நடந்தவர் என்பதே அவர் பெருமை.

மூன்றாவது, பணம். ராக்பெல்லர் அறக்கட்டளை 1932-இல் வழங்கிய 12 இலட்சத்து 32 ஆயிரம் டாலர்தான் அந்த நிலையத்தை எழுப்பியது. முதல் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பதையும், பொறுப்பாளர் மாறிய பின் ஆலன் கிரெக் என்பவர் கதவைத் திறந்ததையும் காண்கிறோம். ரோட்ஸ் உதவித்தொகை, ஆஸ்லரின் விருந்தோம்பல், செல்வர்களின் அறக்கட்டளை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் திறந்த வாழ்க்கை இது. திறமை மிக்க மற்றொருவருக்கு அக்கதவுகள் திறக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை வாசகர் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். ஓர்தேகாவையே பாருங்கள். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் அவரை நாட்டைவிட்டு விரட்டியது. 1945-இல் புவெனஸ் ஐரசில் அயலவராகவே இறந்தார்.

நமக்குரிய செய்தி

நண்பர்களே, தமிழ் வழியில் அறிவியல் பயிலும் உங்களுக்கு இந்நூலை நான் பரிந்துரைக்கும் காரணம் மாட்ரிட் பகுதியில் உள்ளது. 'ஆங்கிலத்தில் இல்லாத அறிவியலை யார் மதிப்பார்கள்?' என்ற கேள்வியை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஓர்தேகாவின் வரலாறு இதற்கு இரு பக்கமும் பொருந்தும் விடை தருகிறது. அவர் ஸ்பானியத்தில் எழுதியதால் உலகம் காலந்தாழ்ந்து அறிந்தது என்பது உண்மை. அதை மூடி மறைப்பதற்கில்லை. ஆனால் அவரிடம் பிறரிடம் இல்லாத ஒரு முதல்நிலை உண்மை இருந்ததால், அட்லாண்டிக் கடலைக் கடந்து ஒருவர் அவர் மேசைக்கு வந்தார் என்பதும் உண்மை. பிறர் கண்டதைப் பெயர்த்து எழுதுவது தேவையான பணி. அதோடு நின்றுவிட்டால் நம் மொழியைத் தேடி எவரும் வரமாட்டார்கள். நம் கையால் கண்டறிந்த ஒன்றை நம் மொழியில் எழுதும்போது, மொழி தடையாக நில்லாது என்று கூறிவிட முடியாது. ஆனால் தாண்டக்கூடிய தடையாக நிற்கும்.

நூலின் ஆங்கிலம் எளியது. மருத்துவச் சொற்கள் பயமுறுத்தும் இடங்கள் குறைவு. பட்ட வகுப்பு மாணவர்கள் அகராதியின் துணையுடன் படித்துவிடலாம். கல்லூரி நூலகங்கள் இதை வாங்கி வைத்தால் நன்று. படிக்கும்போது ஒரு தாளில் பென்பீல்டின் ஆசிரியர்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டே வாருங்கள். அந்தப் பட்டியலின் இறுதியில் ரூத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.